க்ளோஸ்-அப், டாப் ஆங்கிள், ட்ரோன் ஷாட்... கேமரா எப்படிக் கதை சொல்லுது? ஆனைக்குட்டம் அணையில் தொடங்கி 'வெயில்' வரை ஒரு விளக்கம்

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வெடி விபத்து என்று செய்தி வந்தால், அடுத்த சில நிமிடங்களில் உங்க வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்துவிடும். தூரத்தில் வானம் வரைக்கும் புகை, நடுநடுவே வெடிச் சத்தம், ஆடிக்கொண்டே இருக்கும் ஃப்ரேம். அரை நிமிடம் பார்க்கிறோம், பகிர்கிறோம், அடுத்ததுக்குப் போகிறோம்.

அந்த அரை நிமிடத்தில் நாம பார்த்தது புகையை மட்டும்தான். உள்ளே எத்தனை அறைகள், அறைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, அங்கே வேலை பார்த்தவங்க யார் என்று எதுவும் தெரியாது. ஆனாலும் 'நடந்ததைப் பார்த்துட்டோம்' என்ற நினைப்பு வந்துவிடும்.

கேமராவின் பலமும் ஆபத்தும் இதுதான். எங்கே நின்று, எந்த உயரத்திலிருந்து, எவ்வளவு நேரம் எடுத்தாங்க என்பதை வைத்தே நம்ம மனசில் அர்த்தம் உருவாகிறது. சினிமாக்காரங்க இதைத் தெரிந்தே செய்கிறாங்க. செல்போனில் எடுக்கிறவங்க தெரியாமல் செய்கிறாங்க. இதன் அடிப்படையைப் புரிந்துகொண்டால் படம் பார்ப்பதும் மாறும், செய்தி பார்ப்பதும் மாறும்.

ஷாட் என்றால் என்ன?

கேமராவை ஆன் செய்ததிலிருந்து ஆஃப் செய்யும் வரை இடைவெளி இல்லாமல் பதிவாவது ஒரு ஷாட். எடிட்டிங்கில் ஒரு கட்டுக்கும் அடுத்த கட்டுக்கும் நடுவில் மிஞ்சும் துண்டையும் ஷாட் என்றே சொல்வார்கள். பல ஷாட்கள் சேர்ந்தது ஒரு காட்சி.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் ஒளிப்பதிவாளரும் இயக்குநரும் சில முடிவுகளை எடுக்கிறாங்க. எவ்வளவு தூரத்தில் நிற்பது? எந்த உயரத்தில் கேமராவை வைப்பது? ஃப்ரேமுக்குள் யார், எங்கே நிற்பாங்க? ஒளி எந்தப் பக்கமிருந்து வரும்? எத்தனை நொடி நீடிக்கும்? இவற்றோடு சேர்ந்த இன்னொரு முடிவும் உண்டு. எதை ஃப்ரேமுக்கு வெளியே விடுவது?

தூரம்: ஆனைக்குட்டத்தில் ஒரு சின்னப் பயிற்சி

விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் ஆனைக்குட்டம். அர்ச்சுனா நதியின் குறுக்கே இங்கே ஓர் அணை உண்டு. விருதுநகர் நகரத்துக்குக் குடிநீர் போகும் இடங்களில் இதுவும் ஒன்று. சுற்றிலும் கரிசல் காடு, பட்டாசு, தீப்பெட்டித் தொழில். இந்த இடத்தை நீங்க படமெடுக்கப் போறீங்க என்று வையுங்க.

முதலில் அணைக் கரையில் நின்று ஒரு வைட் ஷாட். நீர்மட்டம் இறங்கிக் கிடக்கும் அணை, வெடித்த மண், மேலே பெரிய வானம். ஓரத்தில் புள்ளி மாதிரி ஒருத்தர் நடந்து போகிறார். பார்க்கிறவருக்கு முதலில் மனசில் பதிவது இடமும் பொழுதும்தான். மனுஷன் சின்னதாகத் தெரிகிறார், வெயில் பெரிசாகத் தெரிகிறது.

அடுத்து மிட் ஷாட். அதே ஆள், இப்போது இடுப்புக்கு மேலே. தோளில் துண்டு, சைக்கிள் ஹேண்டிலில் தொங்கும் தூக்குவாளி, சட்டையில் படிந்த வெள்ளி நிறப் பொடி. பட்டாசில் சேர்க்கும் அலுமினியப் பவுடர் அது. ஒரு வார்த்தை பேசாமலே அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது க்ளோஸ்-அப். முகம் மட்டும். பின்னால் அணையா, ஆலையா, பஸ் ஸ்டாண்டா என்பது முக்கியமில்லை. களைப்பா, கோபமா, நிம்மதியா என்பதுதான் கேள்வி.

பள்ளிக்கூடத் தமிழ் பாடத்தில் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் படிச்சது ஞாபகம் இருக்கா? நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் மக்கள், தொழில், விலங்கு, பறவை எல்லாம் கருப்பொருள். மனசில் நடக்கும் உணர்ச்சி உரிப்பொருள். வைட், மிட், க்ளோஸ்-அப் மூன்றையும் இந்த வரிசையிலேயே ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். நிலத்தைக் காட்டி, அதில் வாழ்கிறவரைக் காட்டி, கடைசியில் உணர்ச்சிக்கு வருவது நம்ம அகப்பாட்டுக்காரங்களுக்கு நல்லாவே தெரிந்த வழி.

வரிசையை மாற்றினால் அர்த்தமும் மாறும். முகத்தில் தொடங்கி மெல்ல விலகி, கடைசியில் அந்த ஆளை வறண்ட அணையில் ஒரு புள்ளியாக விட்டால், அவர் தனியாள் ஆகிவிடுகிறார். அதே மூணு ஷாட்தான், கதை வேற.

உயரம்: யார் பெரியவர் என்று சொல்வது கேமராதான்

கேமராவைக் கீழே வைத்து மேல் நோக்கி எடுத்தால் லோ ஆங்கிள். எதிரில் இருப்பவர் உயர்ந்து தெரிவார். ஹீரோ அறிமுகக் காட்சிகளில் இதைப் பல முறை பார்த்திருப்பீங்க. மேலிருந்து கீழே எடுத்தால் ஹை ஆங்கிள். இருப்பவர் சிறுத்து, சிக்கிக்கொண்டவர் மாதிரி தெரிவார். கண் மட்டத்தில் வைத்தால் பார்க்கிறவரும் படத்தில் இருப்பவரும் சமம்.

வசந்தபாலன் இயக்கி, மதி ஒளிப்பதிவு செய்து 2006-ல் வந்த 'வெயில்' விருதுநகர் மண்ணின் கதை. இயக்குநரும் அந்த ஊர்க்காரர்தான். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கிய இந்தப் படம், 2007-ல் கான் திரைப்பட விழாவிலும் திரையிடப்பட்டது.

பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் எம்.ஜி.ஆர் படம் பார்க்கப் போன சிறுவன் முருகேசனை, அப்பா உச்சி வெயிலில் துணியில்லாமல் நிறுத்தித் தண்டிப்பார். முருகேசனின் மொத்த வாழ்க்கையையும் திருப்பிப் போடும் தருணம் அது. அவமானம் தாங்காமல் வீட்டை விட்டு ஓடுகிறவன், வேறு ஊரில் ஒரு தியேட்டரில் தஞ்சமடைகிறான்.

இப்படி ஒரு காட்சியை எடுக்க உங்களிடம் இரண்டு வழி இருக்கு. அப்பா நிற்கும் உயரத்திலிருந்து கீழே பார்த்து எடுத்தால் அது 'கண்டிப்பு'. தரையில், பையனின் உயரத்தில் கேமராவை வைத்து மேலே பார்த்தால் அது 'கொடுமை'. நடிப்பும் வசனமும் மாறவே வேண்டாம். யார் பக்கம் நிற்கிறோம் என்பதைக் கேமராவின் உயரமே சொல்லிவிடும்.

நேராகப் பார்க்கும் கண்: சிவகாசி காலண்டர் கற்றுத் தந்தது

ஃப்ரேமிங் என்றால் வெளிநாட்டு விஷயம் என்று நினைக்க வேண்டாம். நம்ம வீட்டுச் சுவரிலேயே அதற்குப் பாடம் தொங்குது.

கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி.கொண்டையராஜு, நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலைகள் வரைந்தவர். பிறகு அவரும் அவர் சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசி அச்சகங்களில் காலண்டர்களாக அச்சாகி ஊர் ஊராகப் போயின. அந்தப் படங்களின் அமைப்பைக் கவனிங்க. சாமி நட்ட நடுவில் இருக்கும். முகம் நம்மை நோக்கி நேராக இருக்கும். இரண்டு பக்கமும் சமமாகத் தூண், விளக்கு, மலர். நீங்க எங்கே நின்றாலும் அந்தக் கண் உங்களையே பார்க்கிற மாதிரி தெரியும். கோயில் கருவறைக்கு முன்னால் நிற்கும் உணர்வு கிடைக்க வேண்டும் என்பதற்கான அமைப்பு அது.

தமிழ் சினிமாவில் நாயகன் திரையின் நடுவில் நின்று நேராக நம்மைப் பார்க்கும் ஷாட்டுக்கு விசில் பறப்பதை இதோடு சேர்த்து யோசிச்சுப் பாருங்க. அந்த ஷாட்டும் ஒரு தரிசனம்தான்.

ஃப்ரேமுக்குள் யார், எங்கே?

இரண்டு பேரை ஒரே ஃப்ரேமில் எங்கெங்கே நிறுத்துகிறோம் என்பதே அவங்க உறவைச் சொல்லிவிடும். நடுவில் ஒரு கதவோ தூணோ வந்தால் பிரிவு. ஒருத்தர் முன்னால் பெரிசாகவும் இன்னொருத்தர் பின்னால் சின்னதாகவும் இருந்தால், அதிகாரம் யார் கையில் என்று கேட்க வேண்டியதில்லை.

மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) கடைசிக் காட்சி இன்றைக்கும் பேசப்படுகிறது. ஒளிப்பதிவு அசோக்குமார். தவறு செய்த சுந்தரவடிவேலு ஒரு பக்கம், மொத்த ஊரும் ஒரு பக்கம். ஊர் கரையில் நிற்க, அவர் ஆற்றில் இறங்குகிறார். தனியாள் எதிரில் கூட்டம் என்ற அந்த அமைப்பிலேயே தீர்ப்பு இருக்கு. அவருடைய இரண்டு குழந்தைகள் அந்தக் கரைக்கு வந்து சேரும்போது, தீர்ப்பின் விலை என்ன என்பதும் தெரிந்துவிடுகிறது.

மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) முடிவை எடுத்துக்கோங்க. ஒளிப்பதிவு ஸ்ரீதர். கடைசியாக நாம பார்ப்பது முகத்தை இல்லை, இரண்டு டீ கிளாஸை. ஒன்றில் பால் டீ, இன்னொன்றில் கறுப்பு டீ, நடுவில் ஒரு பூ. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கு, ஆனால் ஒன்றில்லை. நீளமான வசனம் எழுதியிருந்தால் பிரசங்கம் ஆகியிருக்கும். மேஜையில் பொருளை எங்கே வைப்பது என்ற முடிவு அந்த வேலையைச் செய்துவிட்டது.

எவ்வளவு நேரம் பார்க்க வைக்கிறாங்க?

ஒரு ஷாட் இரண்டு நொடி இருந்தால் தகவல் மட்டும் கிடைக்கும். ஒரு நிமிடம் நீடித்தால் அனுபவம் கிடைக்கும்.

பி.எஸ்.வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-ல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டிப் பகுதியில் எடுத்த படம். பஸ்ஸுக்கு வைத்திருந்த பணத்தைப் பையன் கிழித்துப் போட, அப்பாவும் அவனும் கொளுத்தும் வெயிலில் 13 கிலோமீட்டர் நடப்பதுதான் கதை. கேமரா வெட்டாமல் அவங்க பின்னாலேயே போகும்போது, நடையின் களைப்பு பார்க்கிறவர் காலுக்கும் வந்துவிடும். முடிவில் பெண்கள் ஊற்றில் சுரக்கும் தண்ணீரை கொஞ்சம் கொஞ்சமாக அள்ளும் காட்சியிலும் அவசரமே இல்லை. குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகுமோ, அந்தக் காத்திருப்பை நமக்கும் கொடுக்கிறார் இயக்குநர். 'தண்ணீர்ப் பஞ்சம்' என்று எழுத்துப் போட்டால் இரண்டு நொடியில் வாசித்துவிட்டுக் கடந்துபோவோம். இங்கே கடந்துபோக முடியாது.

பாலுமகேந்திரா தானே ஒளிப்பதிவும் செய்த 'வீடு' படத்தில், பாதி கட்டிய வீட்டைத் தாத்தா சுற்றிப் பார்ப்பார். சுவரைத் தடவுவார், அறை அறையாக நிற்பார். கதை அங்கே ஓர் அங்குலம் கூட நகராது. ஆனால் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குச் சொந்த வீடு என்றால் என்ன என்பதை அந்த நேரம்தான் சொல்லுது.

ஒளி எங்கிருந்து வருது?

'நாயகன்' (1987) படத்துக்காக பி.சி.ஸ்ரீராம் சிறந்த ஒளிப்பதிவாளருக்கான தேசிய விருது வாங்கினார். மேலிருந்து விழும் ஒளியில் முகத்தின் ஒரு பகுதி இருட்டில் இருக்கும். நல்லவரா கெட்டவரா என்று படம் கேட்கும் கேள்வியை அந்த அரை இருட்டு தொடக்கத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கும்.

'வெயில்' படத்தில் ஒளி தலைப்பிலேயே இருக்கு. சிறுவனைச் சுட்ட வெயில் ஒன்று. தியேட்டரில் ஆபரேட்டர் ரூமின் சின்னச் சதுரத்திலிருந்து திரைக்குப் போகும் வெளிச்சம் இன்னொன்று. ஒன்று அவனை எல்லார் முன்னாலும் அம்மணமாக்கியது, இன்னொன்று இருட்டில் மறைந்து வாழ இடம் கொடுத்தது.

அடுத்த ஷாட் என்ன?

சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால், ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் உணர்ச்சியில்லாத முகத்தை எடுத்து, அடுத்து ஒரு தட்டு சூப்பைக் காட்டினார். அதே முகத்துக்கு அடுத்து ஒரு சவப்பெட்டி. மறுபடி அதே முகம், அடுத்து ஒரு பெண். பார்த்தவர்களுக்கு முதலில் பசியும், பிறகு துக்கமும், பிறகு ஆசையும் அந்த முகத்தில் தெரிந்ததாம். முகம் மாறவே இல்லை. அர்த்தம் உருவானது இரண்டு ஷாட்டுக்கு நடுவே, பார்க்கிறவர் மனசில்.

செய்திக்கும் இது பொருந்தும். இன்றைய விபத்துச் செய்தியில் பழைய விபத்தின் புகையைச் சேர்த்தால், இரண்டும் ஒன்று என்று மனசு முடிவு செய்துவிடும். திரையின் மூலையில் 'கோப்புக் காட்சி' என்று போடுவது ஏன் முக்கியம் என்றால், இதனால்தான்.

பட்டாசு ஆலையில் வைட் ஷாட்தான் சாட்சி

இப்போ முதலில் பார்த்த அந்தப் புகை வீடியோவுக்கு வருவோம்.

பட்டாசு ஆலை மற்ற தொழிற்சாலை மாதிரி ஒரே பெரிய கட்டடம் இல்லை. பொட்டல் காட்டில் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குப் பரவக் கூடாது என்பதற்காகத்தான் அந்த இடைவெளி. ஓர் அறையில் பொதுவாக 4 பேருக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. உடனே வெளியே ஓடக் கதவுகள் இருக்க வேண்டும். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசின் பெசோ அமைப்பு உரிமம் தரும்போது பார்க்கும் விஷயங்கள் இவை.

அதாவது, பட்டாசு ஆலையில் காலியிடம்தான் பாதுகாப்பு. அந்தக் காலியிடத்தைக் காட்டக்கூடியது வைட் ஷாட் மட்டுமே. இடிந்தது ஓர் அறையா, வரிசையாகப் பல அறைகளா? மரத்தடியில் சரக்கு வைத்து வேலை நடந்ததா? அறைகளுக்கு நடுவே தகரக் கொட்டகை முளைத்திருந்ததா? புகையின் க்ளோஸ்-அப் இதில் எதையும் சொல்லாது.

இதில் இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று, தூரத்தில் நின்று ஜூம் செய்து எடுத்தால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் நெருங்கித் தெரியும். தள்ளியிருக்கும் அறைகள் கூட ஒட்டிக் கட்டியது மாதிரி இருக்கும். இரண்டு, போனை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டு புகைத்தூண் மட்டும் மிஞ்சும். இடைவெளி இருந்ததா இல்லையா என்பது ஃப்ரேமுக்கு வெளியே போய்விடும்.

ட்ரோன் ஷாட்டில் இடைவெளி நன்றாகத் தெரியும், ஆனால் மனுஷங்க தெரிய மாட்டாங்க. மருந்து செலுத்துகிற, திரி வைக்கிற, சரம் பின்னுகிற கைகள் அங்கே எறும்பு அளவு. அதனால் நல்ல செய்திக்கு இரண்டும் வேண்டும். மேலிருந்து ஒரு ஷாட், பிறகு கண் மட்டத்தில் ஒரு ஷாட்.

நல்ல ஷாட் கிடைக்கும் என்று யாரும் பக்கத்தில் போய் எடுக்க வேண்டாம். 2012 செப்டம்பர் 5-ம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தாங்க. தீயைப் பார்த்து உதவ ஓடியவங்களும், வேடிக்கை பார்க்கக் கூடியவங்களும் அதில் இருந்தாங்க. முதல் வெடிப்போடு எல்லாம் முடிந்துவிடும் என்று பட்டாசு ஆலையில் நம்ப முடியாது.

கண் மட்டத்தில் பார்த்த ஒரு படம்

'குட்டி ஜப்பான்' என்பது சிவகாசியின் பட்டப்பெயர். உழைப்புக்குக் கிடைத்த பாராட்டு அது. சலம் பென்னுர்கர் 1990-ல் எடுத்த ஆவணப்படம் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தது: 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்'. தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போன சிறுவர் சிறுமியரைப் பற்றிய படம். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றி எம்.சி.மேத்தா 1986-ல் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1996-ல். அந்தப் பத்து வருஷத்துக்கு நடுவில் வந்த படம் இது.

சிவகாசி என்றதும் மனசில் வருவது இரவு வானத்தில் பூக்கும் வெளிச்சம். அது லோ ஆங்கிள், கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் ஷாட். விபத்து என்றதும் வருவது புகை. அது தூரத்து வைட் ஷாட். இந்த இரண்டுக்கும் நடுவில், கண் மட்டத்தில், அந்தத் தொழிலாளி இருக்கிறார். அங்கே கேமராவை வைக்கிறவங்க குறைவு என்பதால்தான் அப்படி எடுத்த படங்கள் முக்கியமாகின்றன.

அடுத்த முறை வீடியோ பார்க்கும்போது கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. எடுத்தவர் எங்கே நிற்கிறார்? பக்கத்திலா, தூரத்தில் ஜூம் செய்தா?

2. கேமராவின் உயரம் என்ன? யாரைப் பெரிசாக்குது, யாரைச் சின்னதாக்குது?

3. ஃப்ரேமுக்கு வெளியே எது இருந்திருக்கும்?

4. இந்த ஷாட்டுக்கு முன்னும் பின்னும் என்ன வந்தது? இரண்டும் ஒரே நாள், ஒரே இடம்தானா?

5. இதில் யாருடைய முகத்தையாவது பார்த்தோமா?

ஐந்தாவது கேள்விக்கு 'இல்லை' என்பது பதிலானால், அந்தச் செய்தியை நீங்க இன்னும் முழுசாகப் பார்க்கவில்லை. ஃபார்வர்ட் செய்வதற்கு முன்னால், இறந்தவங்களைப் பற்றியும் காரணத்தைப் பற்றியும் சொல்லும் செய்தி வந்திருக்கிறதா என்று ஒரு தடவை தேடிப் பாருங்க.